பாட்டும் ஓட்டல் அறையும்

அமெரிக்க ராப் பாடகன் டூபாக் ஷகூர், பிறப்பதற்கு முன்பே சிறைக்குள் இருந்தவன். அம்மா அஃபெனி கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர் (1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயரெடுத்துக்கொண்ட அதே கட்சி). நியூயார்க்கில் குண்டு வைக்கச் சதி என்று 1969இல் 21 பேர்மீது போட்ட வழக்கில் அவரும் ஒருவர். வயிற்றுப் பிள்ளையோடு, வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலை. அடுத்த மாதம் பிள்ளை பிறந்தது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்துட்டோம். 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு 25 வயசுல செத்ததும் கதை முழுசாயிடுச்சு. போராளியின் மகன், பாடகன், தியாகி. ஒரு இடம் மட்டும் இடறுது.

1993 நவம்பர். நியூயார்க்கில் ஒரு ஓட்டல் அறை. ஒரு கறுப்புப் பெண் புகார் கொடுத்தார். கடுமையான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்த ஜூரி, சம்மதமில்லாமல் தொட்ட பாலியல் குற்றத்தை உறுதி செய்தது. 1995 பிப்ரவரியில் ஒன்றரை முதல் நாலரை வருஷம் வரை தண்டனை. குற்றம் செய்யவில்லை என்றே அவன் சொல்லிவந்தான்.

'அம்மாவையே பொய்க்கேசுல உள்ள வச்சவன், மகனை விடுவானா?' என்கிறார்கள் தோழர்கள். லேசாகத் தள்ளிவிட முடியாத கேள்வி. வழக்கு எப்படிச் சோடிக்கப்படும் என்பது அடிபட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனா புகார் சொன்னது போலீஸ் இல்லையே! அவளும் அதே கோர்ட்டில் அதே நிறத்தோடுதான் நின்றாள். அரசை நம்பாதே என்று நாம் கற்ற பாடம், அவளை நம்பாதே என்று எந்த இடத்தில் மாறிப்போச்சு?

1991இல் பிரெண்டா என்ற சிறுமியைப் பற்றிப் பாடினான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, உறவுக்காரனால் கர்ப்பமாகி, பெத்த குழந்தையைக் குப்பையில் போட்ட பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்த பாட்டு. கறுப்புப் பெண்களைத் தலைநிமிரச் சொன்ன இன்னொரு பாட்டு 1993இல் வந்தது. ஓட்டல் அறையும் அதே வருஷம்தான். அப்போ பாட்டு பொய்யா? பொய்யா இருந்தா சுலபம், தூக்கிப் போட்டுடலாம். பிரெண்டாவைப் பார்க்கிற கண் அவனுக்கு நிஜமாவே இருந்தது. அதுதான் தொந்தரவு.

'செத்தவனைப் போய்...' என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். செத்தவன் பாட்டு இன்னமும் விற்குது, 2012இல் வெளிச்சத்தால் உருவம் செய்து மேடையேற்றினார்கள். புகார் சொன்னவளுக்கு எந்த மேடை?

பிரெண்டா பாட்டை இப்பவும் கேக்குறேன். பக்கத்துல யாராச்சும் இருந்தா ஓட்டல் அறையைப் பத்தியும் சொல்லிடுறேன். சிலபேர் எழுந்து போயிடுறாங்க.