இழந்தவருக்குக் கிடைத்தது

துன்பம் நேரும்போதுதான் மனிதன் வாழ்வின் பொருளைத் தேடத் தொடங்குகிறான். "எனக்கு ஏன் இப்படி நேர்ந்தது?" என்பதே அவனது முதல் கேள்வி.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றிய நட்டாலம் நீலகண்டனும் அவ்வாறே கலங்கினார். அடுத்தடுத்த இழப்புகளால் மனமுடைந்திருந்த அவருக்கு, தளபதி தெ லனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். தன் துன்பத்திற்கான காரணம் யோபுவுக்கு இறுதிவரை சொல்லப்படவில்லை; ஆயினும் அவர் இறைவனைக் கண்டுகொண்டார்.

1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று நீலகண்டன் தேவசகாயம் ஆனார். யோபு இழந்தவற்றை இருமடங்காகத் திரும்பப் பெற்றார். தேவசகாயமோ எஞ்சியிருந்தவற்றையும் இழந்தார். பதவி பறிபோனது. சாதி பாராது எல்லாரோடும் பழகியது உயர்குடியினரின் சினத்தைக் கிளறியது. சிறைக்கொடுமைகளுக்குப் பின், 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நாமோ நவநாள் செய்கிறோம், நேர்ச்சை வைக்கிறோம். கேட்டது கிடைக்காதபோது விசுவாசம் தளர்கிறது. வேண்டுவது தவறன்று, இயேசுவும் கெத்சமனியில் வேண்டினார். ஆனால் இழப்பை ஈடுசெய்வது மட்டுமே விசுவாசத்தின் பயன் எனில், தேவசகாயத்தின் வாழ்வு தோல்வியன்றோ?

"ஏன் இத்துன்பம்?" என்று தொடங்கிய அவர் தேடல், "யாருக்காக இவ்வாழ்வு?" என்ற கேள்வியில் வந்து நின்றது. முதற்கேள்விக்கு நமக்கு விடை கிட்டாமலே போகலாம். இரண்டாவதற்கான விடையை ஒவ்வொரு நாளும் நாமே தர வேண்டும்: நம் வீட்டில், நம் தெருவில், நாம் ஒதுக்கிவைத்த அயலாரிடத்தில்.