தப்பியவரின் நன்றி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஆரோக்கிய அன்னை பேராலயத்துக்குள் திருப்பலியில் நின்றார்கள். மற்றவர்கள் கடற்கரையிலும் கடைவீதியிலும் இருந்தார்கள். அந்தக் காலையில் கடல் சுனாமியாக ஊருக்குள் ஏறி வந்தது. கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள்; கரைப்பக்கம் இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இரண்டு கூட்டத்தாரும் ஒரே நம்பிக்கையோடு ஒரே ஊருக்கு வந்தவர்கள். அதிகாலைப் பூசை கண்டுவிட்டுக் கரைக்குப் போனவர்களும் மாண்டவர்களில் இருந்திருப்பார்கள்.

பிழைத்தவர்கள் மாதா காப்பாற்றினாள் என்று அழுதார்கள். அந்த அழுகையை யாரும் விசாரிக்கக்கூடாது. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு நிற்கும் தாயிடம் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் சாகவேண்டும் என்று கேட்பது அறமாகாது. கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. கதறல் சாட்சியாகி, சாட்சி பிரசங்கமாகி, பிரசங்கம் கொள்கையாக இறுகும்போது வருகிறது. கோயிலுக்குள் இருந்ததால்தான் பிழைத்தார்கள் என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால், மகளின் உடலைத் தேடி மருத்துவமனை வாசலில் நின்ற தகப்பனுக்கு அவர் சொல்லும் செய்தி என்ன? பிறர் மாண்ட இடத்தில் தான் பிழைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது சரிதானா?

தமிழ்ச் சபைகளில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு எழவேண்டும். எழுவதில்லை. ஆண்டிறுதி ஆராதனையில் வழக்கமாக ஒரு ஜெபம் ஏறெடுக்கப்படும்: எத்தனையோ பேர் இந்த ஆண்டின் முடிவைக் காணாமல் போய்விட்டார்கள், எங்களையோ உயிரோடு வைத்தீர், ஸ்தோத்திரம். சொல்பவர் உண்மையான நன்றியோடுதான் சொல்கிறார். ஆனால் நான்காவது பெஞ்சில் அந்த ஆண்டு கணவனை அடக்கம் செய்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் ஆமென் சொல்லியாக வேண்டும். அவள் கணவன் அந்த எத்தனையோ பேரில் ஒருவன்.

இயேசுவிடமே இந்தக் கணக்கு வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்ற எண்ணத்தை எடுத்து, அப்படி இல்லை என்று அவர் அடித்துச் சொன்னதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். அதோடு விடவில்லை; பிழைத்திருக்கிறவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்றார். சாவு செத்தவர்களின் குற்றப்பத்திரிகை இல்லையென்றால், பிழைப்பும் பிழைத்தவர்களின் நற்சான்றிதழ் ஆகாது. இதன் முதல் பாதியைச் சபைகள் ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் பாதியை ஏற்க மனம் வருவதில்லை.

அதே லூக்காவில் ஒரு பரிசேயன் ஆலயத்தில் நின்று ஜெபிக்கிறான். அவன் ஜெபம் நன்றியில்தான் தொடங்குகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வாரம் இருமுறை உபவாசம் இருக்கிறான், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறான். அவன் பொய் சொன்னதாகக் கதையில் எங்கும் இல்லை. ஆனால் அவன் நன்றி சொல்வதற்குத் தூரத்தில் தலைகுனிந்து நிற்கும் ஆயக்காரன் ஒருவன் தேவைப்படுகிறான். அந்த மனிதன் அங்கே இல்லாவிட்டால் அவனுக்கு நன்றி சொல்ல விஷயமே இல்லை. தான் யார் என்பதை இன்னொருவனின் தாழ்வைக் கொண்டு அறிகிறவன் அவன்.

இந்த நோய் நம் ஊர்ச் சபைகளுக்குப் புதிதல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய சுவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கோயிலுக்குள்ளேயே இருந்தது. கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கும் சுவர்கள் சில ஊர்களில் இன்னும் நிற்கின்றன. அந்தச் சுவர்களின் இரண்டு பக்கத்திலும் ஸ்தோத்திர காணிக்கை தட்டில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

கிறிஸ்தவன் என்ற அடையாளத்தின் நடுவில் இருப்பது கிருபை. உழைத்துச் சம்பாதித்ததும் இல்லை, பிறப்பால் வந்ததும் இல்லை, தகுதி பார்த்துத் தரப்பட்டதும் இல்லை. அப்படி வந்த ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்தவனை அளக்க முடியாது. அளக்கத் தொடங்கிய நொடியில் அது கிருபை என்பதை மறுத்தாகிவிட்டது. தப்பித்ததை மட்டும் நம்பி நிற்கும் நன்றிக்கு வேறொரு குறையும் உண்டு: தப்பிக்காத நாளில் அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எனவே இந்த அடையாளத்தின் உண்மையை, தப்பிக்காத ஒருவரின் வாழ்க்கையில்தான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

டாக்டர் மேரி வர்கீஸ் அப்படி ஒருவர். 1925இல் கேரளத்தில் பிறந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954இல், மருத்துவராகத் தொழிலில் காலூன்றும் வயதில், ஒரு சாலை விபத்து. முகம் சிதைந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அடுத்து வந்த மாதங்களின் இருட்டை, பிறகு நடந்த நல்லவற்றைக் காட்டி யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. அப்போது வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தார். அந்தச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் அதைக் கற்றார். ஊர் ஒதுக்கிய மனிதர்களின் விரல்கள் மறுபடி ஒரு டம்ளரைப் பிடிக்கும்படி செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். தன்னைப்போல் தண்டுவடம் முறிந்தவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூரில் அவர் முயற்சியால் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986இல் மறைந்தார். கடைசிவரை அவர் கால்கள் நடக்கவில்லை.

இந்த வாழ்க்கையைப் பிரசங்கத்தில் சொல்பவர்கள் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். அந்த நிலையம் எழவேண்டும் என்பதற்காகவே கடவுள் அந்த விபத்தை அனுமதித்தார் என்று முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு கட்டடத்துக்காக ஓர் இளம்பெண்ணின் முதுகெலும்பை விலையாகக் கேட்கிறவராக அது கடவுளைக் காட்டிவிடும். நடந்ததற்கு நோக்கம் கற்பிப்பது ஒன்று. நடந்த பிறகு மீந்திருக்கும் உயிரை ஒரு நோக்கத்துக்குக் கொடுப்பது வேறொன்று. மேரி வர்கீஸ் செய்தது இரண்டாவது. தான் கடவுளின் பிள்ளை என்பது கால்களோடு சேர்ந்து போய்விடவில்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் நின்றுதான் அவர் நன்றி சொன்னார், வேலையும் செய்தார்.

ஒரு நோக்கத்துக்காகவே ஆண்டவர் என்னைக் காத்தார் என்று சாட்சி சொல்பவர்களும் இந்த வித்தியாசத்தை யோசிக்கவேண்டும். அப்படியானால் கரையில் மாண்டவர்களுக்கு நோக்கமே இல்லையா? எதற்காகக் காக்கப்பட்டோம் என்பதற்கு மனிதரிடம் விடை இல்லை. காக்கப்பட்ட உயிரை என்ன செய்யலாம் என்பதற்கு எப்போதும் விடை உண்டு. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர் அப்போதே தன் தலையில் தானே கைவைத்து, நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாதிருந்தால் தனக்குக் கேடு என்று உறுதிமொழி சொல்லவேண்டும். அப்படி உறுதிமொழி சொன்னவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊரார் கண்ணில் தீண்டத்தகாதவர்கள். அடையாளம் கிடைத்த அந்த நிமிடமே வேலையும் கிடைத்துவிட்டது. நன்றிக்கடன் அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டது.

இந்தத் திருப்பம் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியது என்று சொன்னால் அதுவும் பரிசேயனின் ஜெபமே. சுனாமி நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பக்கத்து மீனவக் குப்பங்களின் மக்களுக்குச் சோறு சமைத்துப் போட்டார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுபவர் என்று பந்தியில் கேட்கவில்லை.

என்னை ஆண்டவர் தனியாக நேசிக்கிறார் என்ற உணர்வு இல்லாவிட்டால் நன்றியே வறண்டுவிடும் என்று ஒரு மறுப்பு வரலாம். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பொதுப்படையான அன்பு யாரையும் அழவைப்பதில்லை. தனியாக நேசிக்கப்படுவதற்கும் மற்றவரைவிட மேலாக நேசிக்கப்படுவதற்கும் இடையிலான தூரத்தை மறக்காதவரை, அந்த உணர்வை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை.

சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் துதிகளைப் போலவே புலம்பல்களும் ஏராளம். 88ஆம் சங்கீதம் நன்றியில்லாமல், ஆறுதல் இல்லாமல், இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் என்று சேர்த்து வைத்தவர்கள், நன்றி சொல்ல முடியாதவருக்கும் ஆலயத்தில் இடம் உண்டு என்று அறிந்திருந்தார்கள். சபை நடத்துகிற போதகர்களிடமும் குருக்களிடமும் ஒரு வேண்டுகோள். வருகிற டிசம்பர் 31 இரவு ஸ்தோத்திர ஜெபத்துக்கு முன், அந்த ஆண்டு சபையில் மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். 88ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கச் செய்யுங்கள். பிழைத்திருக்கிறவர்களின் காணிக்கையில் ஒரு பங்கை, அந்தப் பெயர்களுக்குரிய வீடுகளுக்குப் புத்தாண்டு விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேருங்கள்.