மெக்கானிக்கும் மரியாதையும்

சொந்தக் காரைத் தானே பழுது பார்த்துக்கொள்ளக் கற்பது நல்லதா என்று கேட்டால், நல்லது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏன் நல்லது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் காரணம் ஒன்றே: "பட்டறைக்காரன் நம்மை ஏமாற்ற முடியாது, பாருங்கள்!" எனக்கு அந்தக் காரணத்தோடுதான் தகராறு.

ஆழ்வார்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவர்களில் நானும் ஒருவன். கற்றது பிரமாதமாக ஒன்றுமில்லை. பாட்டரி முனையில் பூத்த வெள்ளையைத் துடைத்து வாஸலைன் தடவுவேன், ஸ்டெப்னி மாட்டுவேன். (ஸ்டெப்னி என்பது வேல்ஸில் ஒரு தெருவின் பெயர். அதற்கு நம் ஊரில் கிடைத்த வாழ்வைப் பாருங்கள்!) சக்கரத்து நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்க வேண்டும் என்பதும், எஞ்சின் சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது என்பதும் தெரியும். இவை புத்தகத்திலேயே கிடைக்கும். ஸ்பார்க் பிளக் மாட்டுவது அப்படியல்ல. முதலில் விரலால் மட்டுமே திருக வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை கோணலாகப் பிடித்திருந்தால் ஸ்பானரின் பலத்தில் அழிந்தே போகும். சரியாகப் பிடித்ததா என்பதை விரல்தான் சொல்லும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியும் சார்" என்று சொல்லி, மெக்கானிக் என் விரல்களைப் பிடித்துப் பிளக்கின்மேல் வைத்தார். அவ்வளவுதான் விளக்கம்.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. கார்க்காரர், "என்னப்பா, எப்போ தருவே?" என்கிறார். அவரைவிடப் பத்து வயது மூத்த மெக்கானிக், "சாயங்காலம் எடுத்துக்கோங்க சார்" என்கிறார். இது தெருவின் இலக்கணம். ஆனால் இதே ஆழ்வார்பேட்டையில் பாட்டு வாத்தியாரை யாராவது 'நீ' என்கிறார்களா? கற்கிறவன் 'நீ' என்றும் கற்பிக்கிறவர் 'சார்' என்றும் சொல்லும் பள்ளிக்கூடம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

ஏமாறாமல் இருப்பதற்காகக் கற்கிறவனுக்கு இந்தச் சங்கடமே வராது. வித்தையை எடுத்துக்கொண்டு வித்தைக்காரரை விட்டுவிடுகிறான். கற்ற வித்தை அவனுக்குப் போலீஸ்காரனின் தடியாகிவிடுகிறது. ஏமாற்றுகிற மெக்கானிக் இல்லையா? இருக்கிறார். எழுத்தாளர்களிலும்தான் இருக்கிறார்கள்.

ஜி. டி. நாயுடுவை நினைத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் ஓட்டல் சர்வராக இருந்து காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டிக் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அவரை மேதை என்று கொண்டாடுகிறோம். பிரிப்பதையும் பூட்டுவதையும் தினமும் செய்கிற மனிதரைக் கைவேலைக்காரன் என்கிறோம். அப்படியானால் நாம் மேதை என்றது அந்தக் கையையா, பின்னால் ஓடிய பஸ்களையா?

"நீங்களே செய்துகொண்டால் அவன் பிழைப்பு என்னாவது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிழைப்பைக் குறைப்பது என் ஞாயிற்றுக்கிழமை அல்ல. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு, புதிய காரின் வியாதியைக் கண்டுபிடிக்கக் காதும் மூக்கும் போதாது. கம்ப்யூட்டர் கருவி வேண்டும். வெளிப்பட்டறைகளுக்கு உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று சொல்லி 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, கம்பெனிகள் வழக்காடின. பானெட்டுக்கு முன்னால் மெக்கானிக்கும் நானும் ஒரே மாதிரி வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

பிளக் பாடத்துக்குப் பிறகு அவரிடம் 'நீங்கள்' என்று பேச ஆரம்பித்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாங்க போங்கன்னு பேசினா பயமா இருக்குது சார். பில்லுல சண்டை போடறவங்கதான் அப்படி ஆரம்பிப்பாங்க."