ஊர் நடுவே ஒரு தண்டனை

குற்றவாளியைச் சிறையில் அடைத்தால்தான் நீதி நிறைவேறும் என்பது பலருடைய எண்ணம். தீர்ப்பு பெற்றவன் தன் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரக் கண்டால், ‘தப்பிவிட்டான்’ என்று மனம் கசக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவருக்கு அக்கசப்பு இயல்பே. எனினும், சிறைக்கு வெளியே கழியும் தண்டனை தண்டனைதானா என்பது அமைதியாக எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1841ஆம் ஆண்டு, ஜான் அகஸ்டஸ் என்னும் காலணித் தொழிலாளி, குடிப்பழக்கத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவனுக்குப் பிணை நின்றார். மூன்று வாரங்கள் கழித்து அவன் தெளிந்த மனிதனாக நீதிபதி முன் வந்தான். ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவுமே அவனுக்கு விதிக்கப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ 2,000 பேருக்கு அவர் பிணை நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றாரல்லர். வயது, குணம், சூழ்ந்திருப்போர் ஆகியவற்றை விசாரித்தே பொறுப்பேற்றார். செயலோடு செய்தவனையும் அறிய முற்பட்ட அந்த நோக்கே பின்னர்ச் சட்டமாயிற்று.

நம் நாட்டின் 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இவ்வழியில் வந்தது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, பிறவற்றில் நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையின்பேரில் ஒருவனை விடுவிக்கலாம். இழந்தவருக்கு ஈடு தரவும் ஆணையிடலாம். பிணையை மீறினால் பழைய குற்றத்திற்கே தண்டனை காத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்கு ஊதியமற்ற சமூக சேவையையே தண்டனையாக்கியுள்ளது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடியவன் அதைத் திருப்பித் தந்துவிட்டால், அவனுக்கு விதிக்கப்படுவது இதுவே.

இதனை எளிய தண்டனை என்று எண்ணுதல் தவறு. சிறையிலிருப்பவனை ஊர் பார்ப்பதில்லை. இவனோ, தான் வஞ்சித்தவரின் தெரு வழியே நாள்தோறும் நடக்க வேண்டும். இந்நிலையில் ஒவ்வொருவர் குணமும் ஒவ்வொரு வகையாகத் தொழிற்படும். ஒருவன் வெட்கத்தால் ஒடுங்கி வேலையையும் உறவையும் விடுகிறான். அவனுக்குத் தேவை ஒரு கனிந்த சொல். இன்னொருவன் சலுகையைப் பலவீனமென்று கருதித் துணிகிறான். அவனுக்குத் தேவை கண்டிப்பான கண்காணிப்பு. முன்கோபியான இளைஞனை நேரந்தவறாத உழைப்பு மெல்லப் பக்குவப்படுத்தலாம். இவ்வேறுபாட்டை அறிந்து உதவுவதே நன்னடத்தை அலுவலரின் பணி.

ஆயினும், அலுவலர் திங்களுக்குச் சில முறை காண்பார். அண்டை வீட்டார் அன்றாடம் காண்கின்றனர். இங்கேதான் நம் பங்கு வருகிறது. குற்றவாளிக்கோ அவனுக்குப் பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ உண்டா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அப்படியானால், வீடும் தொழிலும் இல்லாத ஏழைக்குப் பிணை நிற்கவும் ஒருவரும் இல்லையென்றால், அவன் திருந்தும் வாய்ப்பே குறுகிவிடுகிறது. குணத்தைவிட ஆதரவின்மையே அவனைச் சிறைக்கு அனுப்புகிறது எனலாம்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இவ்வாறு விடுவிக்கப்பட்டவனுக்கு, அத்தீர்ப்பினால் சட்டப்படி நேரும் தகுதியிழப்பு எதுவும் இல்லை என்று அதே சட்டம் கூறுகிறது. சட்டம் நீக்கிவிட்ட இழுக்கை ஊர் நீக்குவதில்லை. பெண் கேட்கும்போதும், வேலை கேட்கும்போதும், வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் பழைய பெயரே முன்னால் வருகிறது. மூன்றாண்டுக் காலத்துக்கு மேல் நீளாத பிணையை நாம் முப்பதாண்டுத் தண்டனையாக நீட்டிவிடுகிறோம்.

எச்சரிக்கை வேண்டாமென்பதன்று. கல்லாப்பெட்டியின் சாவியை முதல் நாளே அவன் கையில் கொடுக்க எவரும் கேட்கவில்லை; மூட்டை தூக்கும் வேலையையாவது மறுக்காதிருக்கலாம். ஒரு மனிதன் அவனுடைய ஒரு செயல் மட்டுமல்லன். அதனை அவன் மெய்ப்பிக்க ஓர் இடம் வேண்டும். அவ்விடம் நம்மிடமே இருக்கிறது.