நெருப்பு அணைந்த பின்னும் மூழ்காத தீவுகள்

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.



ரமளான் சென்றுவிட்டது. ஃபஜ்ருக்கு நிரம்பி வழிந்த நமது ஸஃப்புகள் எவ்வளவு குறைந்துவிட்டன!

மாலத்தீவைப் பாருங்கள். நம் சகோதரர்கள் வாழும் அந்த நாட்டின் சுமார் 1,200 தீவுகளும் அணைந்துபோன எரிமலைகளின் மீது நிற்கின்றன. பூமியின் ஆழத்திலிருந்து கடும் வெப்பம் மேலெழும் இடத்தை வெப்பப்புள்ளி என்பார்கள். அதற்கு மேலே நிலத்தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தியத் தட்டு வடக்கே நகர, மாலத்தீவின் எரிமலைகள் நெருப்பை விட்டு விலகின, அணைந்தன, குளிர்ந்து கடலுக்குள் அமிழ்ந்தன. அந்த வெப்பப்புள்ளியின் நெருப்பு இன்று வெகுதொலைவில், ரீயூனியன் தீவில் எரிகிறது.

பிறகு மாலத்தீவை நீருக்கு மேல் வைத்திருப்பது எது? பவளம்! மலை அமிழ அமிழ, அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்புக் கூடுகளை அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே வந்தன. அங்கே துளையிட்டவர்கள் எரிமலைப் பாறையைத் தொட 2 கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருந்தது. சுப்ஹானல்லாஹ்!

சகோதரர்களே! ரமளானின் வேகம் மலையையே எழுப்பும். ஆனால் நாள்கள் நம்மை அதைவிட்டு நகர்த்திவிடுகின்றன. அப்போது ஈமானைத் தாங்குவது அன்றாட அமல்கள்தாம். குறைவானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஐவேளைத் தொழுகை கடமை. அதோடு இரண்டு ரக்அத் நஃபில், ஒரு பக்கம் குர்ஆன், ஒரு ரூபாய் ஸதகா என்று ஏதேனும் ஒன்றை இன்றே தொடங்குங்கள், நாளையும் விடாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.