பச்சையைத் தொடாதீர்கள்



பொதுக்காலம் 16ஆம் ஞாயிறான இன்று, மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் களைகள் உவமையைக் கேட்டோம். வேலையாட்கள் களையைப் பிடுங்கத் துடிக்கிறார்கள், வயலுக்குரியவர் தடுத்துவிடுகிறார். நம் ஊர் விவசாயிகளுக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். களையை விட்டுவைத்தால் வெள்ளாமை என்னாகும்? இதற்கான பதிலை இன்று வயலில் தேடாமல் காளான் வித்துக்கூடத்தில் தேடலாம் என்றிருக்கிறேன். சிப்பிக்காளான் போடும் குடும்பத்தார் இங்கே இருக்கின்றீர்கள். தப்பாகச் சொன்னால் பூசை முடிந்ததும் திருத்துங்கள்.

நல்ல காளானாகப் பார்த்து நீளவாக்கில் பிளந்து, காம்பும் குடையும் சேரும் இடத்தில் துளிச் சதையை எடுத்து அகார் தட்டில் வைப்பார்கள். தட்டில் ஊற்றும் கலவைக்கு, ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார். அழுத்த நீராவியில் 121 டிகிரியில் கிருமி நீக்கி ஊற்றினால், ஆறியதும் கெட்டியாக உறைந்துவிடும். அகார் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசியிலும் அது உண்டு. அகார் வருவதற்கு முன் ஆய்வுக்கூடங்களில் இருந்தது ஜெலட்டின். கோடைச் சூட்டில் அது இளகி ஓடிவிடும். ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண் தன் சமையலறையில் புழங்கிய அகாரை 1881இல் கணவருக்குச் சொன்னார். அவர் வழியாக அது ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு கோக் வெளியிட்ட காசநோய்க் கட்டுரையில் அகார் இருக்கிறது, அந்த அம்மாவின் பெயர் இல்லை. திருச்சபையிலும் இப்படிப் பெயர் விடுபட்ட பெண்கள் நிறையப் பேர். அது இன்னொரு ஞாயிற்றுக்கு.

தட்டுக்கு வருவோம். வெள்ளை இழை நாலாபக்கமும் படர்கிறது. ஒரு மூலையில் பச்சைப் பூசணம் தலைகாட்டுகிறது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் என்ன செய்வார்? மூடியைத் திறந்து ஊசியால் அந்தப் பச்சையைச் சுரண்டி எடுக்கப் பார்ப்பார். தொட்ட மாத்திரத்தில் அதன் தூள் தட்டு முழுக்கப் பறந்துவிடும். கைதேர்ந்தவர் பச்சைப் பக்கமே போகமாட்டார். கத்தி முனையை ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆறவிட்டு, பூசணத்துக்கு எட்டத்தில், வெள்ளை புதிதாகப் படர்ந்துகொண்டிருக்கும் ஓரத்தில் ஓர் அரிசி அளவுக்கு வெட்டி எடுத்துப் புதுத் தட்டில் வைப்பார். பழைய தட்டை மறுபடி கிருமி நீக்கிக் கொட்டிவிடுவார். புதுத் தட்டிலும் பச்சை வந்தால்? மறுபடியும் அதேபோல்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மகன் குடிக்கிறான். காலையில் அதே பேச்சு, இரவில் அதே பேச்சு, அன்பியக் கூட்டத்திலும் அதே பேச்சு. அந்தத் தூள்தான் வீடெல்லாம் பறக்கிறது. அதே மகன் விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறானே, அந்த ஓரம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? அந்த நல்லதைப் பிடித்துக்கொண்டு அவனை வேறு வேலைக்கு, வேறு நண்பர்களிடம் நகர்த்தப் பாருங்கள். பாவத்துக்குச் சலுகை தரச் சொல்லவில்லை. பழைய தட்டு குப்பைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் தட்டிலேயே அறுவடை கிடையாது. சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, ஈரம் உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பையில் நிரப்பிப் பஞ்சு அடைத்து, இரண்டு மணி நேரம் அழுத்த நீராவியில் வைக்கிறார்கள். ஆறிய பிறகு தட்டிலிருந்து ஒரு துண்டு உள்ளே போகிறது. இரண்டு வாரம் போல ஆனால் மணிக்கு மணி வெள்ளை தாவிப் பை முழுதும் பிடித்துவிடும். அதுதான் தாய் வித்து. இங்கே பூசணம் கலந்துவிட்டால் வெட்டிப் பிரிக்க வழியில்லை, பையோடு போச்சு. அதனால் தட்டில் இருக்கும்போதே பொறுமையாகச் சுத்தம் பார்த்துவிட வேண்டும். மறைக்கல்வியையும் திருமணத் தயாரிப்பையும் அவசர அவசரமாக முடிக்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் காளான் வீரியமும் குறைந்துபோகும். தியானம் தியானமாகப் போய்வந்து, பக்கத்து வீட்டு நோயாளியை எட்டிப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்கிறேன். சோளத்துக்குள் இறங்குங்கள்.

உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. காளான்காரர் தட்டைக் கொட்டிவிடுவார். வயலுக்குரியவர் யாரையும் கொட்டிவிடாமல் அறுவடைவரை பொறுக்கிறார். அந்தப் பொறுமையை நம்பித்தான் நாம் கோவிலுக்கு வருகிறோம்.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். வாருங்கள். செய்த தப்பைச் சொல்லுங்கள்; கூடவே, உங்களிடம் இன்னும் கெடாமல் இருப்பது எது, அதை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.