வாய் செய்த வினையா?

"வாயைக் கட்டியிருந்தால் இந்த வியாதி வந்திருக்குமா?" சர்க்கரை நோய் வந்தவரிடம் இப்படிக் கேட்காத உறவினர் உண்டா? இன்னொரு தரப்பினர், "எல்லாம் பூர்வ ஜன்ம வினை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எது சரி?

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் கேழ்வரகு விளையும் பூமி. முன்பெல்லாம் அன்றாடம் களியும் கீரைக் குழம்பும்தான்; நெல்லுச்சோறு பண்டிகை நாளில். காட்டு வேலை, மாடு கன்று என்று உடம்புக்கு ஓய்வே இருக்காது. உழைக்கும் தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துச் செலவழித்துவிடும். இன்றோ பல வீடுகளில் மூன்று வேளையும் அரிசி, நடுநடுவே சர்க்கரை போட்ட டீ, அடுத்த தெருவுக்கும் டூவீலர். வேலையில்லாத தசை இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, ஒரு கட்டத்தில் களைத்துவிடுகிறது.

ஆனாலும் இதைக் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. கஷ்டப்பட்ட குடும்பம் வயிறார அரிசிச்சோறு சாப்பிட்டது பாவமா, என்ன? (2023-ல் இந்த மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். அதற்காக நான்கு உருண்டை களி சாப்பிட்டால், அதுவும் மாவுச்சத்துதான்!)

சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயின் வாசற்படியில் நின்றவர்களை 3 ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது. வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் சீராக்கிக்கொள்ள வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்கு வந்தது. அந்த வித்தியாசம், நம் கையில் இருப்பது. ஆக, 'எல்லாம் விதி' என்று கைகட்டி உட்கார நியாயமில்லை. அதே சமயம், வழிகாட்டியும் 39 பேருக்கு வந்திருக்கிறதே! பரம்பரை, வயது என்று நாம் தேர்ந்தெடுக்காத எத்தனையோ காரணங்கள். அவர்களிடம் போய் 'வாயைக் கட்டவில்லை' என்று எப்படிச் சொல்வது?

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் அருகே கோயில்வெண்ணியில் அருள்கிறார் கரும்பேஸ்வரர். இந்த நோய் தீர வேண்டிக்கொள்பவர்கள், ரவையில் சர்க்கரை கலந்து எறும்புகளுக்கு இடுகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டியதில்லை, இரண்டும் நடக்கட்டும். அந்தப் பிராகாரத்தில் யாரும் யாரிடமும் 'உனக்கு ஏன் வந்தது?' என்று கேட்பதில்லை. தன் நாக்கு கேட்ட இனிப்பை எறும்புக்குப் போட்டுவிட்டு, மெள்ள நடந்து வலம் வருகிறார்கள்.